நெருப்பின் இயக்குவலு: சாடி கார்னோவின் நூல் குறித்து ஒரு திறனாய்வு நோக்கு

நீராவிப்பொறி பற்றிய நூலொன்றைத் தமிழ்ச் சங்க ஆய்விதழிலே திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும், 1824 ஆம் ஆண்டு பாரிசிலே வெளிவந்த சாடி கார்னோவின் 'நெருப்பின் இயக்குவலு பற்றிய சிந்தனைகள்' என்னும் சிறுநூல் பௌதிக மாணவருக்கு மாத்திரம் உரியதன்று. 118 பக்கங்களைக் கொண்ட அந்நூல், கணிதத்தைப் பெரும்பாலும் அடிக்குறிப்புகளுக்குள் ஒதுக்கிவிட்டு, பொதுவாசகனை முன்னிறுத்தித் தெளிந்த உரைநடையில் எழுதப்பட்டது. ஒரு வர்க்கத்தின் வரலாற்றுத் தேவை எவ்வாறு அறிவின் வடிவமாக மாறுகிறது என்பதைக் காண விரும்புவோர், நாவல்களை விட்டு ஒருமுறை இந்நூலின்பாலும் கண்ணைத் திருப்புதல் நன்று.

சாடி கார்னோ 1796 இல் பிறந்தவர். தந்தை லசார் கார்னோ பிரெஞ்சுப் புரட்சியின் படைகளை ஒழுங்கமைத்தவர். பொறிகள் பற்றி 1783 இல் நூல் எழுதியவர். 1815 இன் பின்னர் நாடுகடந்து வாழ்ந்து 1823 இல் மக்டபேர்க்கில் இறந்தவர். பாரசீகக் கவிஞர் சாதியின் பெயரையே மகனுக்கு இட்டார். தோல்வியுற்ற ஒரு புரட்சியின் மகன், வெற்றிபெற்ற ஒரு கைத்தொழிற் புரட்சியை ஆங்கிலக் கால்வாய்க்கு இக்கரையிலிருந்து நோக்குகின்றார் என்பதே நூலின் தொடக்கப் பக்கங்களின் சூழல். இங்கிலாந்திடமிருந்து நீராவிப்பொறியைப் பறிப்பது அதன் நிலக்கரியையும் இரும்பையும் ஒருங்கே பறிப்பதாகும் என அவர் வாதிடுகின்றார். பொறிகள் பெருகிவிட்டன, அவற்றுக்கான கோட்பாடோ இல்லை, திருத்தங்கள் தற்செயலாகவே நிகழ்கின்றன என்பது அவரது முறைப்பாடு. நடைமுறை முந்திச் செல்ல, கோட்பாடு பின்தொடர்ந்த இந்நிகழ்வை நமது கட்டுரையாளர்கள் இன்னும் போதியளவு பயன்படுத்தவில்லை.

ஆனால் நூலின் உயிர்நிலை இவ்வரலாற்று முன்னுரையில் இல்லை. அது ஓர் உருளைக்குள் இருக்கிறது. முதலில் நீராவியையும், பின்னர் காற்றையும் எடுத்துக்கொண்டு கார்னோ ஒரு கற்பனைப் பொறியை அமைக்கின்றார். முசலத்தால் மூடப்பட்ட உருளையிலுள்ள காற்று, சூடான பொருளொன்றைத் தொட்டவாறு வெப்பநிலை மாறாது விரிகிறது. பின்னர் அப்பொருள் அகற்றப்பட, வெப்பம் புகவோ வெளியேறவோ வழியின்றி மேலும் விரிந்து குளிர்கிறது. அடுத்து, குளிர்ந்த பொருளைத் தொட்டவாறு அமுக்கப்படுகிறது. இறுதியில் மீண்டும் தனித்த நிலையில் அமுக்கப்பட்டுத் தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது. உள்ளிருக்கும் வாயு அதுவே. எதுவும் சேர்க்கப்படவில்லை, எதுவும் கசியவில்லை. எல்லையைக் கடப்பவை இரண்டே: வெப்பமும் வேலையும்.

இவ்விடத்து ஒரு நுட்பம் மனங்கொள்ளத்தக்கது. வெப்பமும் வேலையும் வாயுவின் உடைமைகள் அல்ல. வாயுவுக்கு அமுக்கமும் கனவளவும் வெப்பநிலையும் அகச்சக்தியும் உண்டு. வெப்பம், வேலை என்பன எல்லையைக் கடக்கும் சக்தியின் இரு வழிகளுக்கான பெயர்கள். ஆகையால் அவற்றின் அளவு தொடக்கத்தையும் முடிவையும் மாத்திரமன்றி, சென்ற பாதையையும் பொறுத்தது. சாதாரண வளிமண்டல அமுக்கத்தில் 100 பாகையிலுள்ள ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2257 கிலோயூல் வெப்பம் வேண்டும். ஆவி ஏறத்தாழ 1.7 கனமீற்றர் அளவுக்கு விரிந்து முசலத்தைத் தள்ளுகையில் செய்யும் வேலையோ 170 கிலோயூல் அளவினதே. எஞ்சியது முழுவதும் மூலக்கூறுகளைப் பிரித்து வைப்பதிற் செலவாகி அகச்சக்தியாகிறது. பதின்மூன்றில் ஒரு பங்குதான் முசலத்துக்குக் கிட்டியது. மாறாக, இலட்சிய வாயுவொன்று வெப்பநிலை மாறாது விரியுமாயின், பெற்ற வெப்பம் முழுவதுமே வேலையாகிறது. அவ்வாறாயின் சிக்கல் எங்கே? வாயு தொடங்கிய இடத்தில் இல்லை என்பதே சிக்கல். பொறி மீண்டும் மீண்டும் இயங்கவேண்டுமெனில் வாயு திரும்பியாகவேண்டும். திரும்பும் வழியில் குளிர்ந்த பொருளுக்கு வெப்பத்தைக் கொடுத்தேயாகவேண்டும். கார்னோவின் மேதைமை, ஒரு வீச்சை அன்றி முழுச் சுற்றையும் ஆய்வின் அலகாகக் கொண்டதிலேயே உள்ளது.

எனினும் அவர் ஒரு பிழையின்மேல் நின்றே இதனைக் கண்டார். வெப்பம் கலோரிக் எனும் அழியாப் பாய்பொருள் என்றும், நீர்வீழ்ச்சியில் நீர் விழுவதுபோல் அது உயர்ந்த வெப்பநிலையிலிருந்து தாழ்ந்ததற்கு விழுகிறதென்றும், விழுகையில் அளவு குறைவதில்லையென்றும் கொண்டார். தந்தையின் நூல் நீராலையை ஆராய்ந்தது. நீர் சில்லின்மீது மோதலின்றிப் புகவேண்டும் என்றது. மகனின் நூலில், வேறுபட்ட வெப்பநிலையுள்ள பொருள்கள் வீணே தொட்டுக்கொள்ளலாகாது என்னும் விதியாக அது மறுபிறவி எடுக்கிறது. பழைய உற்பத்திக் கருவியின் படிமம் புதிய கருவியின் கோட்பாட்டுக்குள் புகுந்து, தவறான எடுகோளிலிருந்து சரியான முடிவைத் தந்தமை விந்தையே. இரு வெப்பநிலைகளே உச்சப் பயனைத் தீர்மானிக்கின்றன, வேலை செய்யும் பதார்த்தம் அன்று என்ற அம்முடிவு இன்றும் நிலைக்கிறது. கிளப்பிரோன் 1834 இல் அதனை வரைபடமாக்கினார். கிளோசியசு 1850 இல் கலோரிக்கைக் களைந்து முடிவைக் காப்பாற்றினார். கார்னோ தாமும் பிற்காலத்தில் கலோரிக்கைக் கைவிட்டார் என்பதை, 1832 இல் கொலராவால் 36 வயதில் இறந்த அவரது எஞ்சிய குறிப்புகள் 1878 இல் வெளிவந்தபோதே உலகம் அறிந்தது.

இங்கு நம்மவரின் ஒரு வழக்கமான குறைபாட்டைச் சுட்டவேண்டியுள்ளது. கோட்பாட்டுக்கும் பொருளாதாரத் தேவைக்கும் நேர்க்கோடு வரைந்துவிட்டால் பணி முடிந்ததென எண்ணும் போக்கு அது. 1931 இல் இலண்டனில் நியூற்றன் பற்றிக் கட்டுரை படித்த பொரிஸ் ஹெசன் திறந்துவிட்ட வழி பெரிது. அவரைப் பின்பற்றியோர் பலர் அவ்வழியை ஒற்றையடிப் பாதையாக்கினர். பிரெஞ்சு முதலாளிக்கு நிலக்கரியைச் சிக்கனப்படுத்தும் தேவை இருந்தது என்பது உண்மை. ஆனால் அத்தேவை 'சிறந்த கொதிகலனைச் செய்' என்றுதான் கூறும். 'உராய்வும் கசிவுமற்ற, ஒருபோதும் கட்டமுடியாத பொறியொன்றை எண்ணிப்பார்' என்று கூறாது. ஏங்கெல்ஸ் 'இயற்கையின் இயக்கவியல்' குறிப்புகளில் கார்னோவைப் பாராட்டியது துல்லியமாக இதற்காகவே: துணைநிகழ்வுகளை அகற்றி, கேத்திரகணிதக் கோடுபோல் நடைமுறையில் இல்லாத ஒரு பொறியை அமைத்து, மூலநிகழ்வைத் தூய நிலையில் கண்டமைக்காக.

அதே ஏங்கெல்ஸ் இரண்டாம் விதியின் முன் தடுமாறினார் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. சக்தி சீரழிந்து பிரபஞ்சம் ஓய்ந்துவிடும் என்ற முடிவு அவருக்குப் பிடிக்கவில்லை; வெளியிற் பரந்த வெப்பம் எவ்வாறாயினும் மீண்டும் தொழிற்பட வழி இருக்கவேண்டுமென எழுதினார். அது ஆய்வின் முடிவு அன்று, விருப்பம். ஆனால் வேறோரிடத்தில் அவர் மிகச் சரியாக நின்றார். பௌதிகத்தின் வேலையைப் பொருளாதாரத்தின் உழைப்போடு சமப்படுத்தி, கூலியைக் கிலோகிராம்-மீற்றரில் கணிக்க முயல்வோரை எள்ளினார். ஜேர்மன் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவது அக்குழப்பத்துக்கு இடமளித்தது. தமிழ்ப் பாடநூல்கள் 'வேலை' என்றும் 'உழைப்பு' என்றும் பிரித்தமை நமக்கு வாய்த்த நற்பேறு. ('இயக்கவியல்' என்னும் சொல்லில் அந்நற்பேறு நமக்கில்லை. ஏங்கெல்ஸின் நூற்பெயரிலும் வெப்பவியக்கவியலிலும் அது வெவ்வேறு பொருளில் நின்று மாணவரை அலைக்கழிக்கிறது.)

இலக்கியப் பனுவலைத் தன்னிறைவுடையதாகக் கொள்ளும் திறனாய்வாளர்க்கும் இவ்வுருளையில் ஒரு பாடம் உண்டு. மூடிய தொகுதி வேறு, தனிமைப்பட்ட தொகுதி வேறு. மூடிய தொகுதியில் பதார்த்தம் எல்லையைக் கடக்காது; வெப்பமும் வேலையும் கடக்கும். கவிதையின் சொற்கள் மாறுவதில்லை என்பதால் அதன் எல்லையை எதுவும் கடப்பதில்லை என்றாகாது. உவமையை இதற்குமேல் இழுத்தால் அறுந்துவிடும்.

கார்னோவின் சொந்த எல்லைக்கோடு எங்கு வரையப்பட்டது என்பதையும் கேட்டாகவேண்டும். சூடான பொருள் எப்போதும் சூடாகவே இருக்கிறது. அதனைச் சூடாக வைத்திருப்பவர் யார் என்ற வினா எழுவதில்லை. இறுதிப் பக்கங்களில் எரிபொருட் சிக்கனம் ஒன்றே போதாது, பாதுகாப்பும் உறுதியும் நெடுநாள் உழைப்பும் குறைந்த செலவும் வேண்டுமென்கிறார். 'உழைப்பு' என்ற சொல்லை நான் இங்கு இட்டது பொறியின் ஆயுளைக் குறிக்கவே. சூளைவாயில் நின்று கரி அள்ளிய மனிதன் அப்பட்டியலில் இடம்பெறவில்லை. பொறியியற் பாடநூல்கள் வாயு வெளியே செய்யும் வேலையையே இன்றும் நேர்க்குறியாகக் கொள்கின்றன. பொறியை உடையவனின் கணக்கேடு அவ்வாறுதான் எழுதப்படும். இரசாயன நூல்கள் குறியை மாற்றி, வாயுவின்மீது செய்யப்படும் வேலையை நேராகக் கொள்ளும். சமன்பாடு இரண்டிலும் ஒன்றே. நிற்கும் இடம் வேறு.