நெருப்பில் விழுந்த மிக்ஸி

2018 தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து தென்னூர் வந்திருந்தேன். 'சர்கார்' முதல் நாள், மாலைக் காட்சி. முருகதாஸ் இயக்கம், விஜய் நாயகன், ரஹ்மான் இசை. ஒரு பாட்டில் ஜனங்கள் அரசாங்கம் கொடுத்த மிக்ஸியையும் கிரைண்டரையும் கொண்டுவந்து நெருப்பில் போடுகிறார்கள். இயக்குநரே திரையில் தோன்றி ஒரு மிக்ஸியைத் தூக்கிப் போடுகிறார். தியேட்டர் அதிர்ந்தது. நானும் விசில் அடித்தேன். மறைக்க என்ன இருக்கிறது, நல்லாவே அடித்தேன்.

வீட்டுக்கு வந்து அதே சூட்டில் அம்மாவிடம், "அந்த ஓசி மிக்ஸிய இன்னுமா வச்சிருக்கீங்க? தூக்கிப் போடுங்கம்மா, நான் புதுசு வாங்கித் தரேன்" என்றேன். அம்மா தேங்காய் கீறிக்கொண்டிருந்தார். தலை நிமிராமல், "நீ வாங்கித் தந்தா அது உன் மிக்ஸி. இது என் பேர்ல வந்தது" என்றார். அவ்வளவுதான்.

அந்தப் பாட்டு ஏன் தவறான சினிமா என்று அம்மா ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டார். எனக்குப் புரியத்தான் சில வருடங்கள் பிடித்தன.

இந்த மிக்ஸியின் கதையில் எங்கள் ஊருக்கும் பங்கு உண்டு. 2011 தேர்தலில் திமுக அறிக்கை மிக்ஸி அல்லது கிரைண்டர் என்றது. அதிமுக அந்த 'அல்லது'வை எடுத்துவிட்டு இரண்டும் உண்டு, கூடவே ஃபேனும் என்றது. கோடு எழுதிப் பிழைக்கிறவன் என்பதால் எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம்: ஒரு 'ஆர்' கண்டிஷனை 'ஆண்ட்' ஆக்கி ஆட்சியைப் பிடித்துவிட்டார்கள். (அது மட்டுமே காரணமில்லை. 2ஜி இருந்தது, கரண்ட் கட் இருந்தது.) வாக்குறுதி கொடுத்த ஜெயலலிதா அந்தமுறை நின்று ஜெயித்தது காவிரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் திட்டம் தொடங்கியது. 2006இல் கலர் டிவி தொடங்கியதும், 2023இல் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியதும் இதே தேதிதான். யார் ஆண்டாலும் கொடுப்பதற்கு அண்ணாவைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள்.

பெயரையும் கவனிக்கணும். அரசு ஆணைகளில் அது 'இலவசம்' இல்லை, 'விலையில்லா' மிக்ஸி. சும்மா வந்தது என்றும் படிக்கலாம், விலைமதிப்பில்லாதது என்றும் படிக்கலாம். இதற்கெதிரான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2013 ஜூலை 5 அன்று வந்த தீர்ப்பு, தேர்தல் அறிக்கையில் இப்படி வாக்குறுதி கொடுப்பது சட்டப்படி முறைகேடு ஆகாது என்றது. ஆனாலும் நியாயமான தேர்தலை அது அசைக்கிறது, தேர்தல் ஆணையம் நெறிமுறை வகுக்கட்டும் என்றும் சொன்னது. நீதிமன்றம் இரண்டு பக்கமும் யோசித்த இந்த விஷயத்தை 'சர்கார்' ஒரு தீக்குச்சியில் முடித்துவிட்டது.

படத்தில் நாயகன் பெரிய கார்ப்பரேட் அதிகாரி. ஓட்டுப் போட வெளிநாட்டிலிருந்து வருகிறார், தன் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டார்கள் என்று தெரிந்து கொதிக்கிறார். நியாயமான கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் வாக்குச்சாவடியிலிருந்து சமையலறைக்கு எப்படிப் போனது? மிக்ஸியில் ஒரு பெண் சட்னி அரைக்கிற காட்சி, குறைந்தது மிக்ஸி ஓடுகிற சத்தம், படத்தில் எங்காவது வந்ததா? எனக்கு நினைவில்லை. நெருப்புக்குப் பக்கத்தில்தான் அந்தப் பொருள் கண்ணில் படுகிறது. அதை யார் பயன்படுத்தினார்கள் என்ற கேள்வியே கதையில் இல்லை. அரிசி கார்டு வைத்திருந்த வீட்டின் குடும்பத் தலைவிக்கென்று வந்த பொருள் அது. அதை எரிப்பதற்கு அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்கள் வீட்டில் 2012 வரை அம்மிதான். அதற்கு முன்பு வாங்கமுடியாத வறுமை என்றில்லை. அப்பா துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். டிவிஎஸ் ஃபிஃப்டி வாங்கினார், கலர் டிவிக்குக் கேபிள் இழுத்தார், எனக்கு இன்ஜினியரிங் ஃபீஸ் கட்டினார். மிக்ஸி மட்டும் 'அடுத்த போனஸுக்கு' என்று பல வருடங்கள் தள்ளிப்போனது. அம்மியில் அரைத்தால்தான் ருசி என்று ஒரு தத்துவமும் வைத்திருந்தார். அம்மாவின் வலது மணிக்கட்டு மழைக்காலத்தில் வீங்கும். அதற்கு ஒரு தைலம் வாங்கி வருவார், அதில் குறைசொல்ல முடியாது.

'தி கிரேட் இந்தியன் கிச்சன்' 2021இல் வந்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அதனால்தான். ஜியோ பேபியின் மலையாளப் படம், பிறகு தமிழிலும் எடுத்தார்கள். மாமனார் சத்தமே போடமாட்டார். சிரித்த முகத்தோடு சட்னி அம்மியில் அரைத்ததாக இருக்கட்டும், சோறு விறகடுப்பில் வெந்ததாக இருக்கட்டும், என் துணியை மிஷினில் போடவேண்டாம் என்பார். வீட்டில் எல்லாக் கருவியும் இருக்கிறது, ஆனால் அவள் கைதான் கருவியாக இருக்கணும். 'சர்கார்' நாயகனையும் இந்த மாமனாரையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். ஒருவர் மிக்ஸியை மறுப்பது மானத்துக்காக, இன்னொருவர் ருசிக்காக. இரண்டு பேரும் ஒருநாளும் அரைத்ததில்லை. அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையில் மருமகள் சமையலறையைக் கொஞ்சம் வசதியாக மாற்றலாமே என்று சொன்னதற்கே அந்த வீடு திகைத்துப்போகிறது. 1980களின் கதை. திகைப்பு இன்னும் முடிந்தபாடில்லை.

இந்தக் கருவியே ஒரு சமையலறையின் புகாரில் பிறந்ததுதான். 1960களில் பம்பாயில் சீமென்ஸில் இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியாளரின் மனைவி வைத்திருந்த ஜெர்மன் பிரவுன் மிக்ஸி, நம்ம ஊர் மசாலா அரைத்து மோட்டார் புகைந்துபோனது. அதைச் சரிசெய்ய வழியில்லாமல் அவர் இங்கத்திய அரைப்புக்குத் தாங்குகிற மோட்டாரோடு செய்ததுதான் சுமீத். எங்கள் துறையில் இதை 'யூசரிடம் கேட்பது' என்போம். முருகதாஸ் கேட்கவில்லை.

சரி, அந்த மிக்ஸி அம்மாவை விடுதலை செய்ததா? இங்கேதான் நானும் நிதானிக்க வேண்டியிருக்கிறது. அது வந்த சமயம் சென்னைக்கு வெளியே கரண்ட் ஒரு விருந்தாளி. 2012இல் நாளுக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம்கூட இருக்காது. கரண்ட் வருகிற நேரம் பார்த்து அம்மா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அரைத்தார். லோ வோல்டேஜில் மோட்டார் திணறி நின்றுவிடும், கவிழ்த்து அடியிலிருக்கும் சிவப்பு பட்டனை அமுக்கி மறுபடி ஓட்டணும். ஒரு கையால் மிக்ஸியைக் கொடுத்த அரசாங்கம் இன்னொரு கையால் ஸ்விட்சை அணைத்துக்கொண்டிருந்தது. அதைவிடக் கொடுமை, அம்மியில்தான் ருசி என்ற அப்பாவுக்கு, மிக்ஸி வந்த மாதமே ராத்திரி தோசைக்கும் தனியாக ஒரு சட்னி தேவைப்பட்டது. காலையில் அரைத்தது ஆகாது. வீட்டுக் கருவிகள் வந்தபிறகும் அம்மாக்களின் வேலை குறையவில்லை, எதிர்பார்ப்புதான் ஏறியது என்று ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் அமெரிக்க வீடுகளைப் பற்றி 1983லேயே ஒரு புத்தகம் எழுதினார். தென்னூருக்கும் பொருந்துகிறது.

'சர்கார்' உண்மையாகவே கோபப்பட நினைத்திருந்தால் அதற்கும் இடம் இருந்தது. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். அரசின் பெரிய வருமானங்களில் ஒன்று அது. அப்பா சனிக்கிழமைக் கூலியில் பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்த கடையும் மிக்ஸி கொடுத்த கையும் ஒன்றுதான். அம்மாவுக்கு அது தெரியாதா? மிக்ஸி வந்த அன்று, மேலே ஒட்டியிருந்த முதல்வர் படத்தைப் பார்த்துக்கொண்டே, "உங்கப்பா குடிச்சதுல கொஞ்சம் வீடு திரும்பிருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒரு அரசியல் படம் எழுதவேண்டிய வசனம். எழுதியிருந்தால் நெருப்பில் விழுந்திருக்க வேண்டியது மிக்ஸியாக இருந்திருக்காது. ஆனால் அப்படி எழுத, கதைக்குள் ஒரு குடும்பம் வேண்டும், அதற்குள் ஒரு கல்யாணம், அதன் கணக்கு வழக்கு எல்லாம் வேண்டும். கூட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடியாது.

படம் வந்தபிறகு நடந்தது இன்னும் வேடிக்கை. அதிமுகவினர் தியேட்டர் முன்னால் பேனர்களைக் கிழித்தார்கள். வில்லி பாத்திரத்துக்குக் கோமளவல்லி என்ற பெயர் வைத்தது அவர்களுக்குப் பெரிய காயம். பெயர் ஊமையாக்கப்பட்டது, மிக்ஸி எரியும் இடமும் வெட்டப்பட்டது. பதிலுக்கு ரசிகர்கள் வீட்டிலிருந்த விலையில்லாப் பொருட்களைப் போட்டு உடைத்து வீடியோ போட்டார்கள். அந்த வீடியோக்களில் சிலதைப் பார்த்தேன். உடைக்கிறவர்கள் என் வயசுப் பையன்கள். மறுநாள் காலை அந்த வீடுகளில் சட்னி எப்படி வந்தது என்று யாரும் வீடியோ போடவில்லை.

எங்கள் மிக்ஸி 2020 வரை ஓடியது. ஜாரின் பிளேடு இரண்டுமுறை மாற்றினோம், தேய்த்துத் தேய்த்து முதல்வர் படத்தில் நெற்றியும் மூக்கும் போய் வெள்ளையாகிவிட்டது. இப்போது நான் வாங்கித் தந்த 750 வாட்ஸ்தான் மேடையில் இருக்கிறது. பழையது பரணில். பழைய இரும்புக்காரர் வந்தபோது அம்மா எடுத்துக் கொடுக்கவில்லை.

தீபாவளி முடிந்து அடுத்த வாரம் தங்கச்சி அம்மாவையும் 'சர்கா'ருக்குக் கூட்டிப்போனாளாம். அதற்குள் காட்சியை வெட்டியிருந்தார்கள். படம் எப்படி என்று போனில் கேட்டேன். "நல்லாத்தான் இருந்துச்சு. அந்தப் புள்ள நல்லா ஆடுறான்" என்றார் அம்மா.