புதைபடிவம் என்னும் சொல்லும் பழவேற்காட்டுக் கிளிஞ்சலும்

பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் இடையே கிடக்கும் உவர்நீர்க் காயல். இந்தியாவில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய காயல் இதுவே. இதன் அடிச்சேற்றிலும் கரையோர மண்ணிலும் பழங்காலக் கிளிஞ்சல்கள் அடுக்கடுக்காகப் புதைந்துள்ளன. இவற்றைத் தோண்டி எடுத்துச் சுண்ணாம்பு சுடுவது இப்பகுதியின் பழைய தொழில்களுள் ஒன்று. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் உயர்ந்து காயல் உருவான காலத்தில் வாழ்ந்த மட்டிகளும் சிப்பிகளும் விட்டுச்சென்ற ஓடுகள் அவை.

இந்தக் கிளிஞ்சலைப் புதைபடிவம் எனலாமா? தமிழில் அறிவியல் படிக்கும் மாணவர் ஒருவர் இதற்கு விடை சொல்லத் திணறுவார். அது அவர் குற்றமன்று. நாம் அவருக்குக் கொடுத்திருக்கும் சொற்களில்தான் குறை இருக்கிறது.

புதைபடிவம் என்ற சொல் இரண்டு செய்திகளைச் சொல்கிறது: ஒன்று புதைந்தது, மற்றொன்று படிந்தது. படிவம் என்றவுடன் கல்லில் பதிந்த உருவமே மாணவர் மனத்தில் தோன்றுகிறது. திருவக்கரையில் கிடக்கும் கல்மரங்களுக்கு இந்தச் சொல் ஓரளவு பொருந்தும். பழவேற்காட்டு ஓட்டுக்கோ புதைதல் மட்டுமே பொருந்தும். அது எதிலும் படியவில்லை, கல்லாகவும் மாறவில்லை. மட்டி தன் உடலிலிருந்து சுரந்த அதே கால்சியம் கார்பனேட்டாகவே பெரும்பாலும் இருக்கிறது. அதனால்தான் அதைச் சுட்டால் சுண்ணாம்பு கிடைக்கிறது.

ஆங்கிலச் சொல்லின் மூலமான இலத்தீனச் சொல்லுக்குத் ‘தோண்டி எடுக்கப்பட்டது’ என்பதே பொருள். 1546இல் அகரிகோலா எழுதிய நூலில் அச்சொல் கனிமங்களையும் சேர்த்தே குறித்தது. அப்படிப் பார்த்தால் ஏரிச்சேற்றில் கிளிஞ்சல் தோண்டுபவர் அச்சொல்லின் ஆதிப் பொருளுக்கு நம்மைவிட நெருக்கமாக நிற்கிறார்.

இலங்கைப் பாடநூல்கள் வேறு வழியில் சென்றன. அங்கே வழங்கும் சொல் உயிர்ச்சுவடு. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவையும் உயிர்ச்சுவட்டு எரிபொருள்கள் ஆகின்றன. உயிர் என்பதை முன்னிறுத்துவதால் இச்சொல் புதைபடிவத்தைவிடத் தெளிவானது. ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஏரிக்கரைச் சேற்றில் நண்டு தோண்டும் வளையும், பூநாரை நடந்து பதித்த காலடியும் உடலின் பகுதிகள் அல்ல. அவைதாம் உண்மையான சுவடுகள். அவை மண்ணால் மூடப்பட்டு இறுகிப் பாறையில் நிலைத்தால் அவற்றைத் தனியே குறிக்க ஒரு சொல் வேண்டும். சுவடு என்பதை எல்லாவற்றுக்கும் பொதுவாக்கிவிட்டதால் சிறப்புப் பெயருக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. தடப்படிவம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

தொல்லுயிர் எச்சம் என்ற மூன்றாவது வழக்கையே பொதுப்பெயராக ஏற்கலாம் என்பது என் கருத்து. எச்சம் என்பதில் ஓடும் எலும்பும் அடங்கும், கல்லாகிப்போன மரமும் அடங்கும். பறவை எச்சம் நினைவுக்கு வந்து வகுப்பறையில் சிரிப்பு எழலாம். எழட்டும், பூநாரைகள் கூடும் ஏரியில் அதற்கும் குறைவில்லை.

பொதுப்பெயரைவிட, உருவாகும் முறைகளுக்கான சொற்களிலேயே குழப்பம் மிகுதி. கல்லாதல் என்று படிக்கும் மாணவர் (கல்லாதவர் நினைவு வராதிருக்கட்டும்) மரம் மெல்ல மெல்லக் கல்லாக மாறுகிறது என்றே எண்ணுகிறார். திருவக்கரையில் நடந்தது வேறு. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மணலில் புதைந்த மரங்களின் நுண்ணறைகளுக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறிப் புகுந்து படிந்தது; மரப்பொருள் சிதையச் சிதைய அதன் இடத்தையும் சிலிக்கா பிடித்தது. அதனால்தான் வளையங்களும் நார்களும் இன்றும் தெரிகின்றன. இதில் ஊறி நிரம்புதல், இடம்பிடித்தல் என இரண்டு செயல்கள் உள்ளன. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்ததால் செயல்முறையே மறைந்துபோகிறது.

அச்சு, வார்ப்பு என்னும் இணை இதைவிட நல்லது, ஆனால் அரைகுறையாகவே விளக்கப்படுகிறது. குழிப்பணியாரச் சட்டியின் குழி அச்சு. அதில் வெந்து வரும் பணியாரம் வார்ப்பு. பழவேற்காட்டு ஓடு ஒன்று சேற்றில் கிடந்து, சேறு பாறையாகி, பிறகு அமிலம் கலந்த நீரில் ஓடு கரைந்துபோனால் எஞ்சும் வெற்றிடம் புற அச்சு. அவ்வெற்றிடத்தை வேறு கனிமம் நிரப்பினால் அது வார்ப்பு. இதுவரை எளிது. ஆனால் ஓட்டின் உட்புறத்தில் புகுந்த சேறு இறுகி, ஓடு கரைந்தபின் ஓர் உருண்டையாக வெளிவந்தால்? பார்வைக்கு வார்ப்புப் போலவே இருக்கும். ஆனால் அதன் மேற்பரப்பு காட்டுவது ஓட்டின் உட்பக்கத்தை. நிலவியலாளர் அதை அக அச்சு என்றே கொள்வர். இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால், அரியலூர்ப் பகுதியில் கிடைக்கும் அம்மோனைட் ஒன்றைக் கையில் எடுக்கும் மாணவர் முதல் பார்வையிலேயே தவறிவிடுவார். ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியின் களிப்பாறைகளில் காணப்படும், 10 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இலை உருக்களையும் அச்சு என்று அழைப்பது குழப்பத்தைக் கூட்டும். அவற்றுக்குப் பதிவு என்ற சொல் போதும்.

இனி தொடக்கக் கேள்விக்கு வருவோம். பொதுவாக ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவற்றையே முழுமையான தொல்லுயிர் எச்சம் என்பர். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் படுகைகள் அதைவிட இளையவை, மாற்றமும் அதிகம் அடையாதவை. அறிவியலில் இவற்றுக்கெனத் தனிப்பெயர் இருக்கிறது. தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. துணைப் படிவம் என்று முன்னொட்டை அப்படியே பெயர்த்தால் பொருள் கெடும். எதற்குத் துணை என்று மாணவர் கேட்பார். முதிரா எச்சம் என்பது பொருந்தும். முதிர்வதற்கு இன்னும் காலம் இருக்கிறது என்பதையும் அது சொல்லிவிடுகிறது.

புதைவைப் பற்றிய துறைக்கே 1940இல் இவான் யெஃப்ரெமோவ் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். தமிழில் புதைவியல் என்று தடையின்றிச் சொல்லலாம். அதற்குக் கண்முன் எடுத்துக்காட்டாகப் பழவேற்காட்டைக் காட்டலாம். ஸ்ரீஹரிகோட்டா தீவு கடலலையைத் தடுக்கிறது, ஆரணியாறும் காளங்கியும் வண்டல் கொண்டுவருகின்றன, நுண்சேறு இறந்த மட்டியை மூடுகிறது. இவற்றில் எது தவறினாலும் ஓடு உடைந்தோ கரைந்தோ போகும். காளவாயில் இட்டுச் சுட்ட ஓடும் அப்படித்தான். அது எந்த வயதினது, எந்த மட்டியினது என்பதை அதன்பின் யாரும் படிக்க முடியாது.