பெயரும் பதிவேடும்

பூநகரிப் பிரதேசத்து ஜெயபுரத்திலே ஆசிரியர் சிலரோடும் உயர்தர வகுப்பு மாணவர் சிலரோடும் அண்மையில் ஒரு மாலைப்பொழுது உரையாட நேர்ந்தது. பேச்சு இணையத்தின் பக்கம் திரும்பியபோது மாணவர் ஒருவர் எழுப்பிய கேள்வி நம்மைச் சிந்திக்க வைத்தது. "எந்த அரசாலும் அழிக்க முடியாத பெயர்ப் பதிவேடு ஒன்று வந்துவிட்டது என்கிறார்களே, பெயர் பறிக்கப்பட்ட மக்களுக்கு அது விடுதலை அல்லவா?" என்பதே அக்கேள்வி. அன்று நாம் கூறிய விடை நமக்கே நிறைவு தரவில்லை. ஆகவே அவ்விடயத்தை இங்கு சற்று விரிவாக ஆராய முற்படுகிறோம்.

இணையத்தில் கணினிக்குக் கணினி முகவரி இலக்கமே. அந்த இலக்கத்தை மனிதர் நினைவில் வைக்கக்கூடிய பெயரோடு இணைக்கும் முறையை 1983ஆம் ஆண்டு போல் மொக்கபெட்ரிஸ் என்னும் அமெரிக்கர் வகுத்தார். தலைகீழாக நட்ட மரம் போன்றது அது. உச்சியிலே வேர், அதன் கீழ் நாடுகளுக்கும் துறைகளுக்கும் உரிய கிளைகள். அவ்வேரின் பட்டியலைப் பராமரிக்கும் பொறுப்பு 1998 முதல் கலிபோர்னியாவில் பதிவுபெற்ற ஐக்கான் என்னும் நிறுவனத்திடம் உள்ளது. 2016ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி வரை அதன் மீது அமெரிக்க வர்த்தகத் திணைக்களத்தின் மேற்பார்வையும் இருந்தது. இலங்கைக்குரிய '.எல்கே' கிளை 1990இலேயே, மொறட்டுவைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கிஹான் டயஸ் போன்றோரின் முயற்சியால் உருவாயிற்று. '.இலங்கை' என்று தமிழ் எழுத்திலேயே முகவரி எழுதும் உரிமை 2010இல் கிடைத்தது. அதற்கும் கலிபோர்னியாவின் ஒப்புதல் வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடலாகாது.

இவ்வமைப்பின் மீது சுமத்தப்படும் குற்றச்சாட்டுகள் பொய்யல்ல. அமேசன் நதிக்கரை நாடுகள் ஆண்டுக்கணக்கில் ஆட்சேபித்தும், அந்நதியின் பெயரை இணையத்தின் தலைக்கிளையாக்கும் உரிமை அதே பெயர் பூண்ட வணிகக் கொம்பனிக்கே 2019இல் வழங்கப்பட்டது. கற்றலான் மொழிக்குரிய '.கற்' பதிவகத்தின் அலுவலகத்துள் 2017 செப்டெம்பரிலே, சுதந்திர வாக்கெடுப்புக்குச் சில நாட்களே இருந்த வேளையில், ஸ்பானியப் பொலிசார் புகுந்து சோதனையிட்டனர். நம் நாட்டில் 2007ஆம் ஆண்டு 'தமிழ்நெற்' தளம் முடக்கப்பட்டது. 2018இல் கண்டி மாவட்டத்தில் முஸ்லிம் மக்களுக்கெதிரான வன்முறையின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னும், 2022 ஏப்ரலில் மக்கள் எழுச்சியின்போதும் சமூக ஊடகங்கள் தடை செய்யப்பட்டன. மணலாறு வெலிஓயா ஆனதைக் கண்ட வன்னி மக்களுக்கு, பெயரை எழுதுபவன் கையில் என்ன அதிகாரம் இருக்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. மாணவரின் கேள்விக்குப் பின்னே நின்றது இவ்வரலாறே.

இனி மாற்றுத் திட்டத்தைப் பார்ப்போம். ஒரு பெயர் மனிதருக்குப் பொருள் தருவதாகவும், போலிக்கு இடந்தராததாகவும், எந்த மைய அதிகாரத்துக்கும் உட்படாததாகவும் ஒருங்கே இருக்க முடியாது என்று 2001இல் சூக்கோ என்பவர் வாதித்தார். பிளாக்செயின் என்னும் பொதுப் பேரேட்டைக் கொண்டு அம்மூன்றையும் ஒன்றுசேர்க்கலாம் என 2011 தொடக்கத்தில் ஆரன் ஸ்வாட்ஸ் எழுதினார். கல்விக் கட்டுரைகள் பணக்கோட்டைக்குள் பூட்டப்படலாகாது என்பதற்காக நின்று, வழக்கின் நெருக்குதலுக்கு இடையே 2013இல் இருபத்தாறு வயதில் மாய்ந்த அவ்விளைஞரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. ஆயிரக்கணக்கான கணினிகள் ஒரே பேரேட்டின் பிரதிகளை வைத்திருக்கும்; முதலில் பதிந்தவருக்கே பெயர் சொந்தம்; எழுதிய வரியை எவரும் தனித்து அழிக்க இயலாது. 2011 ஏப்ரலில் பிற்கொயினின் கிளையாக 'நேம்கொயின்' தோன்றி, '.பிற்' என்ற பெயர்களை வழங்கத் தொடங்கியது.

விளைந்தது என்ன? 2015இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் நேம்கொயின் பேரேட்டை வரிவரியாகப் பரிசோதித்தனர். பதிவான பெயர்கள் ஏறக்குறைய 1,20,000. அவற்றுள், பிறர் பெயரை விலைக்கு விற்கவென்று மடக்கிவைத்தவை நீங்கலாக, உருப்படியான உள்ளடக்கத்தோடு இயங்கியவை வெறும் 28! இதற்குப் பொறியியற் பிழை காரணமன்று. நிலத்தை வேலியடைத்தவனுக்கே அது சொந்தம் என்று அறிவித்தால் வேலியடைக்க முதலில் ஓடிவருபவன் உழவன் அல்லன், தரகனே. பெயரை முதற் பதிவோனின் தனிச்சொத்தாக்கிய கணமே அதைச் சரக்காக்கிவிட்டார்கள். மைய அதிகாரத்தை நீக்கியவர்கள் சந்தையை நீக்கவில்லை. அதற்கு எஞ்சியிருந்த ஒரே கட்டுப்பாட்டைத்தான் நீக்கினர்.

பின்வந்தோர் இதைக் கண்டு திருந்த முயன்றனர் என்பதையும் சொல்ல வேண்டும். 2017இல் எதீரியம் பேரேட்டின் மேல் எழுந்த '.ஈத்' முறை, பெயர்களுக்குப் பின்னர் ஆண்டு வாடகை விதித்தது. ஐந்தெழுத்தோ அதற்கு மேலோ கொண்ட பெயருக்கு 5 டொலர். மூன்றெழுத்துப் பெயருக்கு 640 டொலர். 2020இல் இயங்கத் தொடங்கிய 'ஹாண்ட்ஷேக்' தலைக்கிளைகளையே ஏலம் விட்டது. வாடகையும் ஏலமும் தரகனைக் கட்டுப்படுத்தும் எனில், காசில்லாதவனையும் அவை வெளியே நிறுத்தும். மாணவர் அமைப்பொன்றோ கிராம வாசிகசாலையொன்றோ நியூயோர்க்கின் முதலீட்டாளனோடு ஏலத்தில் நிற்பதை எண்ணிப் பார்க்கட்டும்.

இன்னொரு வேடிக்கையையும் குறிப்பிடாது விட மனமில்லை. சாதாரண உலாவிகள் '.ஈத்' பெயர்களை அறியா. ஆகவே பழைய அமைப்பின் பெயர் ஒன்றையே பாலமாக வைத்திருந்தனர். அப்பாலம் பதிவாகியிருந்தது வேர்ஜில் கிரிஃபித் என்ற பொறியியலாளரின் பெயரில். வடகொரியா தொடர்பான வழக்கில் 2022இல் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட, பாலத்தின் பதிவைப் புதுப்பிக்க ஆளில்லை. அது பிறருக்கு விற்பனையாகிவிட்டது. மீட்பதற்கு அவர்கள் சென்ற இடம் எது? அரிசோனாவில் உள்ள அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றம்! அரசே வேண்டாம் என்றவர்கள் அரசின் படியேறி நியாயம் பெற்றனர். நாம் ஏளனஞ் செய்யவில்லை. முறையிட ஓரிடம் வேண்டும் என்பது மனிதத் தேவை.

இங்கேதான் வன்னியின் அனுபவம் பேசவேண்டும். 2009இல் இறுதி யுத்தத்தைக் கடந்து வந்தவர்கள் காணி அனுமதிப்பத்திரத்தையும் பிறப்புச் சான்றையும் பொலித்தீன் பைகளில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு வந்தார்கள். பலருக்கு அதுவும் மிஞ்சவில்லை. பின்னர் கிராம அலுவலரும் அயலவரும் "இவர் இன்னார், இக்காணி இவருடையது" என்று சாட்சி சொன்னதால் எத்தனையோ பேருக்குப் பிரதிகள் கிடைத்தன. யுத்தத்தின் பின்னான வடகிழக்கு அரசகாணிப் பிணக்குகளுக்கென்று 2013இல் தனிச் சுற்றறிக்கையே வெளியிட வேண்டி வந்தது. அந்நடைமுறையில் அநீதி நிறைய. தாமதம் அதனினும் மிகுதி. ஆயினும், தாளை இழந்தவன் உரிமையை இழந்தவனாகிவிடவில்லை. பிளாக்செயின் பேரேட்டிலோ இரகசியச் சாவியே உரிமை. பன்னிரண்டு சொற்களில் எழுதிவைத்த அச்சாவி நந்திக்கடலில் விழுந்தால், ஊரே திரண்டு சாட்சி சொன்னாலும் பேரேட்டுக்குக் காது இல்லை. சாவியைத் துப்பாக்கி முனையில் பறித்தவனே அதன் கண்ணுக்கு உரிமையாளன்! இடம்பெயர்வையே வாழ்வாகக் கண்ட மக்களுக்கு இதனை விடுதலை என்று எங்ஙனம் கூறுவது?

தடையைத் தாண்டும் வல்லமை பற்றிய கூற்றும் அளவோடு ஏற்கத்தக்கதே. பெயரை அழிக்க முடியாவிடினும், அப்பெயர் சுட்டும் சேவையகத்தை நிறுத்தலாம், பாதையை மறிக்கலாம், கம்பியையே அறுக்கலாம். 1990களில் மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக் கிடந்த வன்னிக்கு எந்தப் பேரேடு வந்து சேர்ந்திருக்கும்?

மறுபக்கத்தில், மையப் பதிவேடு பாதுகாப்பானது என்று கூறவும் நாம் தயாரில்லை. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆந் திகதி, சுதந்திர தினத்துக்கு இரு நாட்களின் பின், '.எல்கே' பெயர்கள் சிலவற்றின் பதிவுகளை யாரோ மாற்றினர். இலங்கையின் கூகிள் முகவரியைத் தேடியவர்கள் வேறொரு பக்கத்தைக் கண்டார்கள். தேயிலைத் தொழிலின் அவலம், பத்திரிகைச் சுதந்திரம், ஊழல், சிறுபான்மையினரின் நிலை ஆகியவை அங்கே எழுதப்பட்டிருந்தன. தோட்டத் தொழிலாளர் ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கோரி ஆண்டுக்கணக்கிற் போராடிய காலம் அது. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியோரின் பிள்ளைகள் வாழும் வன்னியிலே இச்செய்தி படிக்கப்பட்டபோது சிலர் உள்ளூர மகிழ்ந்ததை நாம் அறிவோம். அச்செயலை நாம் மெச்சவில்லை. ஆனால் வாயிருந்தும் மேடையற்றோரின் குறைகள், பதிவேடு ஒன்று உடைந்த சில மணி நேரத்தில்தானே கூகிளின் வாசலுக்கு வந்தன!

அப்படியாயின் நம் நிலைப்பாடு என்ன? பேரேட்டின் ஒரு பண்பை நாம் கைவிடச் சொல்லவில்லை. பிரதிகள் பல இடங்களில் இருப்பதும், திருத்தினால் அத்திருத்தம் எவர் கண்ணுக்கும் தெரிவதும் மிகப் பயனுள்ளவை. பதிவகம் எந்தப் பெயரை எப்போது, யார் கட்டளையால் நீக்கியது என்பது அத்தகைய பகிரங்க ஏட்டில் ஏறட்டும். கச்சேரிக் காணிப் பதிவுகளின் பிரதிகளும் அவ்வாறே பலவிடத்தில் காக்கப்படட்டும். உரிமையைத் தீர்மானிப்பது மட்டும் சாவியிடமோ ஏலத்திடமோ விடப்படலாகாது. பெயர் நீக்கத்துக்கு நீதிமன்றக் கட்டளை வேண்டும், பதிவகத்தின் ஆட்சியிலே தமிழ் பேசுவோரும் அமர வேண்டும். இது அழியாப் பேரேட்டைக் காட்டிலும் மெதுவான வழி, கவர்ச்சியும் குறைவு. ஜெயபுரத்து மாணவர் இதனை ஏற்பாரோ, நாம் அறியோம். அவர் மறுத்தெழுதுவாராயின் இவ்விதழிலேயே அதனை வாசிக்க விரும்புகிறோம்.