பிழைத்துக் கிடந்தால் போதுமா? – பேராசிரியர் இராதாகிருஷ்ணனை முன்வைத்து

செப்டம்பர் 5 வந்தால் நான் படித்த பள்ளியில் ஒரு கதை சொல்வார்கள். 1921இல் தத்துவப் பேராசிரியர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் மைசூரை விட்டுக் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குப் புறப்படுகிறார். மாணவர்கள் வண்டியைப் பூவால் அலங்கரித்து, குதிரைக்குப் பதில் தாங்களே இரயிலடிவரை இழுத்துப் போகிறார்கள். ஏழாம் வகுப்புப் பேச்சுப் போட்டிக்கு இதை மனப்பாடம் செய்து வீட்டில் சொல்லிப் பார்த்தேன். ஏலத்தோட்டத்திலிருந்து திரும்பி முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டது: “படிக்கப் போன பிள்ளைக எதுக்குடி வண்டி இழுக்குதுக? இழுக்கக் கூடாதுன்னுதான ஒன்னயப் படிக்க அனுப்புறேன்?”

போட்டியில் பரிசு வாங்கினேன். அந்தக் கேள்விக்குத்தான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இராதாகிருஷ்ணன் 1888இல் திருத்தணியில் ஏழைப் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். உறவுக்காரர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் கைக்குக் கிடைத்ததால் தத்துவம் படித்தார் என்று அவர் வரலாறு சொல்கிறது. அந்த வறுமை பொய்யில்லை. ஆனால் பழைய புத்தகம் கொடுக்க உறவுக்காரர் இருந்த வறுமை அது. எங்கள் தெருவில் பழைய சீலை கொடுக்க ஆள் உண்டு, பழைய மண்வெட்டி கொடுக்க ஆள் உண்டு. தத்துவப் புத்தகம்?

பிறகு ஏறுமுகம்தான். 1909இல் சென்னை மாநிலக் கல்லூரி, 1918இல் மைசூர், 1921இல் கல்கத்தா, 1931இல் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1936இல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர், 1939இல் காசி இந்துப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1962இல் குடியரசுத் தலைவர். வேதாந்தத்துக்கு அறவியல் கிடையாது என்று மிஷனரிமார் சொன்னதற்கு மறுப்பாக எழுதியதுதான் அவருடைய எம்.ஏ. ஆய்வேடு. வெள்ளைக்காரன் முன்னால் தலைநிமிர்ந்து பேசினார் என்ற பெருமையை நாம் மறுக்க வேண்டியதில்லை. யாருக்காகப் பேசினார் என்பதுதான் கேள்வி.

யதுநாத் சின்ஹா தன் ஆய்வை எடுத்தாண்டுவிட்டார் என்று 1929இல் அவர்மேல் வழக்குப் போட்டதும், அது 1933இல் நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்ததும் திரும்பத் திரும்பப் பேசப்படுகிறது. நமக்கு அது முக்கியமில்லை. அவர் சொந்தமாகச் சொன்னதோடுதான் நமக்குச் சண்டை.

1926இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேசி 1927இல் நூலாக வந்த ‘இந்து வாழ்க்கை நோக்கு’ என்ன சொல்கிறது? பிற நாடுகள் பலவீனமான இனங்களை அழித்தன. இந்தியாவோ சாதி என்ற ஏற்பாட்டால் எல்லாருக்கும் ஓர் இடம் கொடுத்து வாழவிட்டது. சாதி இறுகிப்போனதை அவர் கண்டித்தார், தீண்டாமையையும் கண்டித்தார். அதை மறைப்பது நேர்மையில்லை. ஆனால் அவர் பார்வையில் கெட்டுப்போனது நடைமுறைதான். திட்டம் நல்ல திட்டம். எங்களுக்கும்தான் இடம் கொடுத்தார்கள் அய்யா, ஊருக்கு வெளியே! அந்த இடத்தில் நின்று பார்த்தால் இந்த ஏற்பாடு எப்படித் தெரியும் என்று அந்தப் புத்தகம் ஓரிடத்திலும் கேட்கவில்லை.

கேட்டவர் அம்பேத்கர். இத்தனை நூற்றாண்டு பிழைத்து நிற்பதே இந்து சமூகத்தின் தகுதிக்குச் சாட்சி என்ற பேராசிரியரின் வாதத்தை, 1936இல் ‘சாதி ஒழிப்பு’ நூலில் பெயர் சொல்லியே எடுத்து உடைக்கிறார். பிழைத்திருப்பதில் பல வகை உண்டு, எல்லாமே மானமுள்ளவை ஆகிவிடாது, எந்த நிலையில் வாழ்கிறோம் என்பதே கேள்வி என்கிறார். என் கணக்கில் இதுதான் தத்துவம்.

ஏனென்றால் பிழைப்பது எப்படி என்று எங்களுக்குத் தெரியும். விடியுமுன் போடியிலிருந்து ஜீப் ஏறி, போடிமெட்டு வளைவுகளில் ஒருத்தர் மடியில் ஒருத்தர் உட்கார்ந்து போகிற பொம்பளைகளுக்குத் தெரியும். ஏலக்காய் செடியின் தூரில், தரையோடு ஒட்டிக் காய்க்கிறது. குனிந்தால்தான் கூலி. அட்டை கடித்த காலோடு திரும்பி வருவார்கள். 1989 செப்டம்பரில் இந்தப் பகுதியில் சாதிக் கலவரம் வெடித்தது. எங்கள் சனம் உயிரையும் வீட்டையும் இழந்தது. நான் பிறக்குமுன் நடந்தது அது. அதையும் தாண்டிப் பிழைத்தோம். பிழைத்ததற்காக அந்த ஏற்பாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டுமா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1956இல் புத்தர் 2500ஆம் ஆண்டு விழாவை அரசு கொண்டாடியது. விழாக் குழுத் தலைவர் அப்போதைய குடியரசுத் துணைத் தலைவர் இராதாகிருஷ்ணன். அந்தச் செப்டம்பரில் நோயோடு இருந்த அம்பேத்கர் நேருவுக்குக் கடிதம் எழுதினார்: ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலின் அச்சுச் செலவு கூடிவிட்டது, அரசு 500 படிகள் வாங்கிக்கொள்ள முடியுமா? வெளியீட்டுக்கு ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்ற நேரு, கடிதத்தைப் பேராசிரியருக்கு அனுப்பிவைத்தார். உதவி வரவில்லை. அக்டோபர் 14இல் நாக்பூரில் இலட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கர் டிசம்பர் 6இல் இறந்தார். நூல் அடுத்த ஆண்டுதான் வந்தது. புத்தரை இந்து மரபின் சீர்திருத்தக்காரராக எழுதிய பேராசிரியருக்கு விழா மேடை கிடைத்தது. புத்தரைச் சேரிக்குக் கொண்டுவந்தவருக்கு அச்சுக்கூலி கிடைக்கவில்லை.

இராதாகிருஷ்ணனைப் படிக்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. எங்கள் தெரு மாலை வகுப்பில் செப்டம்பர் 5 அன்று வண்டிக் கதையையும் சொல்கிறோம், அந்த 500 படிகளின் கதையையும் சொல்கிறோம். போன வருசம் ஒரு ஆறாம் வகுப்புப் பொண்ணு கேட்டது: “அக்கா, அந்தக் கடுதாசியக் குடுக்கப் போனவுகளுக்கு வண்டி இருந்துச்சா?”

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. “இது வெளங்கிரும்” என்றது.