கனவுக்குள் போன காபிக் கோப்பை

டேவிட் லிஞ்ச் இயக்கிய 'மல்ஹாலண்ட் டிரைவ்' (2001) தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் ஒரு சின்னக் காட்சி வருகிறது. கேமரா ஒரு படுக்கையின் மேல் தள்ளாடி நகர்கிறது. சிவப்பு விரிப்பு, சிவப்புத் தலையணை. யாரோ கனமாக மூச்சு வாங்கும் சத்தம் கேட்கிறது, ஆள் தெரியவில்லை. கேமரா மெல்லக் கீழே இறங்கித் தலையணையில் முகம் புதைக்கிறது. திரை இருள்கிறது. அடுத்து, இரவில் ஒரு மலைச்சாலையின் பெயர்ப்பலகை கார் வெளிச்சத்தில் மின்னி மறைகிறது. ஏஞ்சலோ பதலமெண்டியின் இசை அடிவயிற்றிலிருந்து எழும்புகிறது. அரை நிமிடம்கூட நீடிக்காத அந்தப் படுக்கைக் காட்சியில்தான் மொத்தப் படத்தின் திறவுகோலும் இருக்கிறது. லிஞ்ச் அதை ஒளிக்கவில்லை, எல்லோர் கண்ணெதிரிலும் வைத்திருக்கிறார். ஆனாலும் முதல் முறை பார்க்கும்போது அது கண்ணில் படுவதில்லை.

கதை இதுதான். மலைச்சாலையில் நடந்த விபத்தில் நினைவு இழந்த ஒருத்தி லாஸ் ஏஞ்சலஸ் நகருக்குள் இறங்கி வந்து, ஆளில்லாத ஒரு வீட்டில் ஒளிந்துகொள்கிறாள். நடிகையாகும் ஆசையோடு கனடாவிலிருந்து வரும் பெட்டி என்ற பெண் அதே வீட்டுக்குத் தங்க வருகிறாள். சுவரில் இருக்கும் 'கில்டா' பட விளம்பரத்தில் ரீட்டா ஹேவொர்த்தின் பெயரைப் பார்த்து, நினைவிழந்தவள் தன் பெயர் ரீட்டா என்கிறாள். அவள் யார் என்று இருவரும் துப்பறியப் புறப்படுகிறார்கள். காதலும் பிறக்கிறது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஓடிய பிறகு ஒரு நீலப்பெட்டி திறக்கிறது. அதோடு பெட்டியும் ரீட்டாவும் மறைந்து போகிறார்கள். பெட்டியாக நடித்த அதே நவோமி வாட்ஸ், களையிழந்த முகத்தோடு டயான் செல்வின் என்பவளாகப் படுக்கையிலிருந்து எழுகிறாள். ரீட்டாவாக வந்த அதே லாரா ஹாரிங் இப்போது கமிலா ரோட்ஸ் என்ற நட்சத்திரம். டயானைக் காதலித்துக் கைவிட்டு, ஆடம் கெஷர் என்ற இயக்குநரை மணக்கப் போகிறவள். டயான் கூலிக்கு ஆள் வைத்து அவளைக் கொல்லச் சொல்லியிருக்கிறாள்.

முதல் பகுதி டயானின் கனவு, பின்பகுதி அவள் வாழ்க்கை என்பதே பரவலாக ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம். நானும் அதையே ஏற்கிறேன். ஆனால் அந்த விளக்கம் நம்மை வாசல்வரைதான் கொண்டுவிடும். உள்ளே போய் ரசிக்க வேண்டியது, நனவில் கிடந்த ஒவ்வொரு துண்டும் கனவில் எந்த இடத்துக்கு மாற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை. அந்த இடமாற்றம் ஒவ்வொன்றிலும் டயானின் ஓர் ஆசையோ ஓர் அவமானமோ பதிந்திருக்கிறது.

பின்பகுதியில் வரும் விருந்தை எடுத்துக்கொள்வோம். ஆடமின் மலைவீடு. டயான் மேஜையில் உட்கார்ந்து தன் கதையைச் சொல்கிறாள். ஒன்டாரியோவில் ஒரு நடனப் போட்டியில் ஜெயித்தது, அத்தை இறந்து கொஞ்சம் பணம் வந்தது, 'சில்வியா நார்த் ஸ்டோரி' படத்தின் முக்கிய வேடத்துக்கு ஆசைப்பட்டு அது கமிலாவுக்குப் போனது. இயக்குநர் பாப் புரூக்கர் தன்னைப் பெரிதாக நினைக்கவில்லை என்று சொல்லும்போது அவள் குரல் தேய்கிறது. ஆடமின் அம்மா கோகோ அவள் கையை இரக்கத்தோடு தட்டிக் கொடுக்கிறார். அந்தத் தட்டல் எந்த வசவையும் விடக் கூர்மையானது. தலைகுனிந்த டயான் சின்னக் கோப்பையிலிருந்து காபி குடிக்கிறாள். நிமிர்ந்தால் எதிரே யாரோ ஒருவர் அவளை வெறித்துப் பார்க்கிறார். பின்னால் கவ்பாய் தொப்பி வைத்த ஒருவர் ஒரு கணம் கடந்து போகிறார். ஒரு பொன்முடிப் பெண் வந்து, டயான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கமிலாவின் உதட்டில் முத்தமிடுகிறாள்.

இந்த ஒரு மேஜையிலிருந்துதான் கனவின் பாதி கட்டப்பட்டிருக்கிறது. வெறித்துப் பார்த்த அந்த மனிதர் கனவில் மாஃபியாக்காரராகிறார். ஹாலிவுட் அலுவலகத்தில் அவருக்கு மிகுந்த மரியாதையோடு எஸ்பிரஸோ கொண்டு வருகிறார்கள். ஒரு வாய் வைத்துவிட்டுத் துணியில் வழிய விடுகிறார். அறையே நடுங்குகிறது. அவமானத்தோடு டயான் விழுங்கிய காபியைக் கனவில் ஒருவர் துப்பிவிடுகிறார். அந்த வேடத்தில் நடித்தவர் இசையமைப்பாளர் பதலமெண்டியேதான். தொப்பிக்காரர் கனவில் ஆடமை மிரட்டும் 'கவ்பாய்' ஆகிறார். முத்தமிட்ட பெண்ணுக்குக் கனவில் 'கமிலா ரோட்ஸ்' என்று பெயர். அவளுக்கே வேடம் தர வேண்டும் என்று மாஃபியாக்காரர்கள் ஆடமை நெருக்குகிறார்கள். டயானுக்கு வேடம் கிடைக்காமல் போனதற்கு அவள் திறமைக் குறைவு காரணமல்ல, ஒரு பெரும் சதியே காரணம் என்று கனவு சாதிக்கிறது. இரக்கப்பட்ட கோகோ, பெட்டியை வாய் நிறைய வரவேற்கும் குடியிருப்பு மேலாளராகிறார். காதலியைப் பறித்த ஆடமோ, மனைவி இன்னொருவனோடு படுத்திருக்கும் வீட்டில் அடி வாங்கி, சட்டையெல்லாம் இளஞ்சிவப்புச் சாயத்தோடு வெளியேறுகிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, கைவிட்டுப் போன கமிலா கனவில் பெயர்கூட இல்லாதவளாக, பெட்டியை அண்டி நிற்பவளாக ஆகிவிடுகிறாள்.

பயமும் இப்படியே இடம் மாறுகிறது. விங்கீஸ் என்ற உணவகத்தில் கூலிக் கொலையாளியிடம் கமிலாவின் புகைப்படத்தை நீட்டி, இவள்தான் என்று சொல்கிறாள் டயான். அப்போது தலை நிமிர்ந்து பார்க்கிறாள். பணம் கட்டும் இடத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஒருவன் அவளைப் பார்க்கிறான். அவ்வளவுதான். கனவில் அவனுக்கு ஒரு முழுக் காட்சி கிடைக்கிறது. நல்ல பகல் வெளிச்சம். அதே உணவகத்தில் உட்கார்ந்து, இந்த இடத்தைப் பற்றித் தான் கண்ட கெட்ட கனவைச் சொல்கிறான். எதிரே இருப்பவரின் முகத்தைக் காட்டும்போதும் கேமரா நிலைகொள்ளாமல் மெல்ல மிதந்துகொண்டே இருக்கிறது. இருவரும் கட்டடத்தின் பின்பக்கம் போகிறார்கள். சுற்றுச் சத்தங்கள் ஒவ்வொன்றாக அமுங்குகின்றன. சுவரோரத்திலிருந்து கரி பூசிய முகம் ஒன்று வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறது; அவன் சுருண்டு விழுகிறான். முதல் முறை பார்க்கையில் கதையோடு ஒட்டாத துணுக்குபோலத் தெரியும் காட்சி இது. கொலைக்கு விலை பேசிய இடத்தின் திகிலை டயான் தன்னால் சுமக்க முடியாமல் வழிப்போக்கன் ஒருவன் தலையில் ஏற்றிவிட்டாள் என்று புரிந்தபின், படத்திலேயே மிகவும் பொருத்தமான காட்சியாக அது மாறிவிடுகிறது. கமிலாவைச் சுட்டிச் சொன்ன அந்தச் சொற்களும் கனவில் உண்டு. அங்கே அவை ஒரு நடிகையைத் தேர்ந்தெடுக்கும் கட்டளை.

நனவுப் பகுதியிலும் லிஞ்ச் நேர்க்கோட்டில் போவதில்லை. அழுக்கேறிய குளியலங்கி அணிந்த டயான் சமையலறையில் காபி போட்டு, கோப்பையோடு சோபாவை நோக்கி நடக்கிறாள். கேமரா சோபாவின் முதுகைத் தாண்டி எட்டிப் பார்க்கிறது. அங்கே கமிலா படுத்திருக்கிறாள். வெட்டு எதுவும் நம்மை எச்சரிக்கவில்லை. இப்போது டயான் உடுத்தியிருப்பது அரைக்கால் ஜீன்ஸ், கையில் இருப்பது விஸ்கி கிளாஸ். பழைய நாள் ஒன்றுக்குள் நாம் வந்துவிட்டோம். அதற்கு ஒரே சாட்சி மேஜைமேல் இருக்கும் பியானோ வடிவச் சாம்பல் கிண்ணம். சற்று முன்புதான் பக்கத்து வீட்டுக்காரி வந்து அதை எடுத்துப் போனாள். அதனால் மறுபடி அது தெரிந்தால் நாம் பின்னோக்கிப் போயிருக்கிறோம் என்று பொருள். சும்மா கிடக்கும் ஒரு கிண்ணம் காலண்டரின் வேலையைச் செய்கிறது. மனம் நினைவில் நழுவும் விதத்தை இவ்வளவு எளிய கைவேலையால் காட்டிய படங்கள் குறைவு.

இந்த வடிவம் உருவான கதையும் சொல்லத்தக்கது. 1999-இல் ஏபிசி தொலைக்காட்சிக்கான தொடரின் முதல் பகுதியாகத்தான் லிஞ்ச் இதை எடுத்தார். நிறுவனம் அதை நிராகரித்தது. பின்னர் பிரான்ஸின் ஸ்டூடியோ கனால் பணம் தர, புதிய காட்சிகள் எழுதி எடுத்து அதைத் திரைப்படமாக முடித்தார். தொடர் என்றால் பல முடிச்சுகளைப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் அவிழ்க்கலாம். இங்கே அதற்கு வழியில்லை. அந்தரத்தில் நின்ற அந்த முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரு பெண்ணின் கனவு என்று ஆக்கியதில்தான் லிஞ்சின் மேதைமை இருக்கிறது. கனவில் எந்தக் கதைக்கும் முடிவு வருவதில்லையே. 2001 கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதை லிஞ்ச் ஜோயல் கோயனோடு பகிர்ந்துகொண்டார். 2016-இல் பிபிசி விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இருபத்தோராம் நூற்றாண்டின் சிறந்த படமாக இதுவே முதலிடம் பெற்றது.

இந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இரண்டு காட்சிகள் ஒன்றுக்கொன்று பதில் சொல்பவை. முதலாவது பெட்டியின் நடிப்புத் தேர்வு. வீட்டில் ரீட்டாவோடு ஒத்திகை பார்க்கும்போது வசனத்தை உரக்கக் கத்தி, கடைசியில் இருவரும் சிரித்துவிடுகிறார்கள். அவ்வளவு மலிவான வசனம். ஸ்டூடியோ அறையில் வயதான நடிகர் அவளை ஒட்டி நிற்கிறார். பெட்டி குரலைத் தாழ்த்துகிறாள். அவர் கையைத் தானே எடுத்துத் தன்மேல் வைத்துக்கொள்கிறாள். மூச்சோடு மூச்சாக அதே வசனத்தை முணுமுணுக்கிறாள். ஒரு வரிகூட மாறவில்லை. ஆனால் வெறுப்பும் ஆசையும் பயமும் ஒரே தொண்டையில் சிக்கிக்கொள்கின்றன. சுற்றியிருப்பவர்கள் உறைந்து நிற்கிறார்கள். டயானுக்கு வாழ்க்கை தராத கணத்தை அவள் கனவில் தனக்கே தந்துகொள்கிறாள். பல ஆண்டுகள் ஹாலிவுட்டில் வாய்ப்புக்கு அலைந்த நவோமி வாட்ஸை உலகம் திரும்பிப் பார்த்தது இந்தப் படத்தில்தான்.

இரண்டாவது, சிலென்சியோ என்ற இரவுநேர அரங்கு. மேடையில் வித்தைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்: இங்கே இசைக்குழு இல்லை, எல்லாம் ஒலிநாடா. டிரம்பெட் வாசிப்பவர் கருவியை வாயிலிருந்து எடுக்கிறார், இசை நிற்கவில்லை. நமக்கு முழு எச்சரிக்கையும் கொடுத்தாயிற்று. பிறகு ரெபேக்கா டெல் ரியோ மேடைக்கு வந்து, ராய் ஆர்பிசனின் 'கிரையிங்' பாடலை ஸ்பானிய மொழியில், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல் பாடுகிறார். கண்ணுக்குக் கீழே வரைந்த கண்ணீர்த்துளி. கேமரா அந்த முகத்தை மிக நெருங்கிப் பார்க்கிறது. பெட்டியும் ரீட்டாவும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். நமக்கும் தொண்டை அடைக்கிறது. பாடகி திடீரெனச் சரிந்து விழுகிறார். குரல் மட்டும் பாடிக்கொண்டே இருக்கிறது. பொய் என்று முன்கூட்டியே சொன்னார்கள். நாமும் நம்பவில்லை என்றுதான் நினைத்தோம். அழுகை மட்டும் மெய்யாக வந்துவிட்டது.

எது கனவு, எது நனவு என்ற கேள்விக்கு இந்தப் படம் தரும் பதில் இந்த அரங்கில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கனவில் நடந்தது எதுவும் நடக்கவில்லை. ஆனால் கனவில் பட்ட துயரம் டயானுடையது, அசலானது. படத்துக்கு விளக்கம் சொல்ல லிஞ்ச் கடைசிவரை மறுத்தார். டிவிடி வந்தபோது பத்துக் குறிப்புகளை மட்டும் கொடுத்தார். சிவப்பு விளக்குநிழலைக் கவனி, சாம்பல் கிண்ணத்தைக் கவனி என்கிற ரகம். 2025 ஜனவரியில் காலமாகும்வரை அதற்கு மேல் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. அந்தக் குறிப்புகளில் எனக்குத் தெரிவது ஒரே வேண்டுகோள்: பொருள்களைப் பார். பார்த்தால், துப்பறிய வைத்த படம் இரங்க வைக்கும் படமாக மாறுகிறது. கொலைக்குக் காசு கொடுத்தவள்தான் டயான். படம் அதை எங்கும் மழுப்பவில்லை. ஆனாலும் அவள் உறங்கிய சில மணி நேரத்தில் அவளுக்கு எட்டாமல் போன அன்பையும் மரியாதையையும் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து அவள் கையில் கொடுத்துப் பார்க்கிறது. ஒரு குற்றவாளியின் மனதுக்கு ஒரு கலைஞன் செய்யக்கூடிய மிக உயர்ந்த நியாயம் அதுதான்.