வேதாளமும் வடலியும்: மாயக்கதைச் சித்திரகாரரின் உத்தி பற்றி

தமிழில் ஓவியத் திறனாய்வு என்று எழுதப்படுவன பெரும்பாலும் சட்டமிட்டுச் சுவரில் தொங்கும் படங்களைப் பற்றியன. கோயிற் சுவரோவியங்கள் இடையிடையே கவனிக்கப்படுவதுண்டு. தொடர்கதைக்கும், சிறுவர் சஞ்சிகையின் பேய்க்கதைக்கும், நாவலின் மேலட்டைக்கும் படமொன்றுக்கு இவ்வளவு எனக் கூலி பெற்று வரைந்தோரின் ஆக்கங்கள் இத்திறனாய்வின் எல்லைக்குள் வருவதில்லை. 'விளக்கப்படம்' என்ற ஒரு சொல் அவற்றை ஒதுக்கிவைக்கப் போதுமானதாக இருந்துவந்துள்ளது. ஆயினும், வேதாளம் எவ்வாறு தொங்கும், அரக்கன் எவ்வாறு விழிப்பான், பத்தாம் நூற்றாண்டு இளவரசி கூந்தலை எவ்வாறு முடிந்திருப்பாள் என்பனவற்றைத் தமிழ் வாசகரின் மனத்தில் நிலைநாட்டியோர் இக்கூலிச் சித்திரகாரரே. கண்ணாற் காணாத ஒன்றைக் கண்டது போலக் காட்டும் ஆற்றல் அவர்களுக்கு எங்கிருந்து வந்தது, எந்நிலையில் அது வளர்ந்தது, எந்நிலையில் வற்றியது என்பன கேட்கப்படவேண்டிய வினாக்கள்.

யாழ்ப்பாண நகரின் கிழக்கே கண்டி வீதியை அணைந்து, தோட்டமும் வளவும் ஒருபுறமாகவும் கடல்நீரேரி மறுபுறமாகவும் கிடக்கும் அரியாலையைப் போன்றதோர் ஊரிலிருந்து நோக்குமிடத்து இவ்வினா கூர்மை பெறுகின்றது. இவ்வூர்ப் பிள்ளை புத்தகத்தைத் திறக்குமுன்பே அசுரனைக் கண்டுவிடுகிறது. யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் சூரன்போர் நிகழும் நாளில், தோளிற் சுமந்து குலுக்கப்படும் மரச்சூரன் ஒரு தலை போய் மறுதலை பெற்று, ஆனைமுகமாகவும் சிங்கமுகமாகவும் மாறி, இறுதியில் மாமரமாய் நிற்பதைப் பிள்ளைகள் பார்த்து நிற்பர். பிள்ளையார் கோயில்களிலே கயமுகன் போர். திருவிழாக் காலத்தில் இராவணன் தாங்கும் கைலாச வாகனம், காமதேனு, யாளி. கொடியேற்றத்துக்கு முன்னர் இவற்றுக்கு வர்ணம் பூசும் கைவினைஞரும் ஒருவகையில் மாயத்தோற்ற ஓவியரே. பேசிய கூலிக்கு வேலை செய்து அடுத்த கோயிலுக்குப் போவோரே. இவ்வளவு வளமான மாயவுருவச் செல்வம் கண்முன் இருந்தும், யாழ்ப்பாணத்தில் அச்சேறிய அற்புதக் கதைப் படங்களிற் பல சென்னைச் சஞ்சிகையையும் சிவகாசி நாட்காட்டியையும் பார்த்து வரையப்பட்டனவாகவே தோன்றுவது ஏன்?

காரணத்தைச் சித்திரகாரரின் சோம்பலில் மட்டும் தேடுவது முறையாகாது. இங்கு ஓவியம் தனித்து நின்று சோறிட்ட தொழிலாக என்றும் இருந்ததில்லை. எஸ். ஆர். கனகசபை முன்னின்று 1938இல் தொடங்கிய வின்சர் ஆர்ட் கிளப்பினரிற் பலர் பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள். 1959இல் அ. மாற்கு உருவாக்கிய குழுவுக்கு விடுமுறைக்கால ஓவியர் குழு என்றே பெயர். ஓர் ஓவியர் கூட்டம் தன் பெயரிலேயே 'நாங்கள் லீவு நாளில் மட்டுமே ஓவியர்கள்' என்று ஒப்புக்கொள்வதைவிடத் தெளிவான சமூகவியற் சான்று வேறு வேண்டியதில்லை. ஆசிரியச் சம்பளம் வயிற்றைக் காத்தது. ஆனால் பள்ளி மணிக்கும் திருத்தவேண்டிய கொப்பிகளுக்கும் இடையே எஞ்சிய நேரத்திலேதான் தூரிகை எடுக்கப்பட்டது. உத்தி என்பது நேரத்தின் குழந்தை. ஒரே கையை நூறு தடவை வரைந்து பார்க்க எவரும் கூலி தருவதில்லை.

இவ்விடத்தில் அம்புலிமாமாவின் சங்கர் நினைவுக்கு வருகிறார். கே. சி. சிவசங்கரன் என்னும் இயற்பெயருடைய இவர் 1924இற் பிறந்து, சென்னை ஓவியப் பள்ளியிற் கற்று, 1946 முதல் கலைமகளிலும் 1952 முதல் அம்புலிமாமாவிலும் பணியாற்றினார். 2020இல் 96ஆம் வயதிற் காலமானார்; மறுஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அறிவித்தது. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் 1947 யூலையில் ஆரம்பித்த அச்சஞ்சிகையிற் பக்கந்தோறும் படமிருக்கும். சித்ரா என்ற பெயரில் வரைந்த ராகவனும் சங்கரும் சேர்ந்து அதற்கொரு முகத்தைக் கொடுத்தனர்.

1960களிற் சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் படத்தைச் சற்று நின்று நோக்குதல் தகும். அரசன் உருவிய வாளுடன் நடக்கிறான்; தோளிற் பிணம்; சுற்றிலும் சுடுகாட்டிருள். இப்படத்தின் அச்சம் பிணத்தில் இல்லை. அரசனின் நடையில் உள்ளது. பாரம் சுமப்பவனின் உடல் எவ்வாறு ஒருபுறம் சரியும், எவ்வாறு அடி பெயர்க்கும் என்பதை மூட்டை சுமக்கும் மனிதரிடம் கண்டறிந்த கையே அதனை வரைந்திருக்கவேண்டும். சுமை உண்மையாகையால் வேதாளமும் உண்மையாகிவிடுகின்றது. மாயக்கதை ஓவியத்தின் முதல் விதி இதுவே எனலாம்: பொய்யான பொருளைச் சூழ உள்ளவை அனைத்தும் மெய்யாயிருத்தல் வேண்டும். (வடமொழிக் கதையில் வேறு மரத்திலே தொங்கிய வேதாளத்தைத் தமிழ் மரபு முருங்கையில் ஏற்றியது. ஒரு பையன் ஏறினாலே முறியும் கொம்பென்பதை வளவில் முருங்கை வளர்க்கும் எவரும் அறிவர். பிணம் தொங்கியும் முறியாத முருங்கை என்பதே பேயின் இலேசான உடம்புக்குச் சான்றாகிறது. கதை சொன்னவர்கள் ஓவியரைவிட நுட்பமாகப் பார்த்திருக்கிறார்கள்.)

சங்கர் மாதச் சம்பளக்காரர் என்பது ஈண்டு முக்கியமானது. வேதாளத்தை மாதாமாதம், பல்லாண்டு காலம் வரையும் வாய்ப்பு அச்சம்பளத்தால் வந்தது. அதன் மறுபக்கமும் உண்டு. பிற்காலப் படங்களிலே மாளிகைத் தூண்களும் முனிவரின் தாடியும் ஒரே வார்ப்பிற் திரும்பத் திரும்ப வருகின்றன. நிரந்தரம் கையைப் பழக்கியது. சில வேளைகளிற் கண்ணை உறங்கவும் வைத்தது.

மணியத்தின் நிலை இதனின் வேறானது. 1924இற் பிறந்து 1968இல் மறைந்த அவருக்குக் கிடைத்தது நாற்பத்துநான்கு ஆண்டு வாழ்வே. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வெளிவந்த பொன்னியின் செல்வனுக்கு வாரந்தோறும் வரைந்த அவர், பின்னர் பல இதழ்களுக்கும் படம் தந்தார். சரித்திரக் கதையை மாயக்கதையோடு சேர்ப்பது பொருந்துமா என வினவலாம். சோழர் காலத்தைக் கண்டவர் எவருமிலர். ஆதலின் ஓவியனைப் பொறுத்தவரை வந்தியத்தேவனின் குதிரையும் விக்கிரமாதித்தனின் வேதாளமும் ஒரே வகைச் சிக்கல்களே. மணியம் அச்சிக்கலைச் சிற்பத்தைக் கொண்டு தீர்த்தார். குந்தவையும் நந்தினியும் முகத்தினால் அன்றிக் கொண்டையினால் வேறுபடுத்தப்பட்டனர். கோயிற் கல்லிலிருந்து பெறப்பட்ட அணிகளும் முடிகளும் கோட்டிலே உயிர் பெற்றன. வார இதழின் காலக்கெடுவுக்குள் இதனைச் செய்ததே வியப்பு. அவசரத்தின் சுவடு இல்லாமலில்லை. பின்னணி வெறுமையாக விடப்பட்ட படங்கள் பல. ஆனால் எதை விடலாம், எதை விடக்கூடாது என்ற தெரிவே ஓர் உத்தியாக அங்கு முதிர்ந்துள்ளது. பூங்குழலி படகு செலுத்தும் கோடிக்கரைக் கடலும், கொள்ளிவாய்ப் பிசாசு எரியும் சதுப்பும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு நேரெதிரே உள்ளவை. அவ்வுப்புக்காற்றை மூக்கால் அறிந்த வாசகர் இக்கரையிலும் இருந்தனர்.

அச்சுமுறை ஓவியத்தின் உத்தியை எவ்வளவு தூரம் நிர்ணயித்தது என்பதும் நோக்கற்பாலது. ஈயவெழுத்து அச்சகத்தில் படம் ஏறுவதற்குப் புளொக் வேண்டும். கோட்டுப் புளொக்குக்குச் சாம்பல் நிறம் தெரியாது. கறுப்பு உண்டு, வெறுமை உண்டு, இடைநிலை இல்லை. எனவே நிழலைக் கோடுகளின் நெருக்கத்தாலேயே உண்டாக்க வேண்டியிருந்தது. இன்று 'பழைய பாணி' என்று ரசிக்கப்படும் அக்குறுக்குக்கோட்டு நுட்பம் அழகுணர்ச்சியால் மாத்திரம் பிறந்ததன்று. செலவுக் கணக்கினாலும் பிறந்தது. 1970களின் தொடக்கத்தில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட பின், ஈழத்து வெளியீடுகள் பெருகி, மேலட்டைகளுக்கும் கதைப் படங்களுக்கும் உள்ளூர்க் கைகள் தேவைப்பட்டன. ரமணி என்னும் கையெழுத்து ஈழத்து நூல்களின் அட்டைகளிற் பரிச்சயமானது அவ்வாறே. குறைந்த நிறத்தில், ஒரு முகத்தையும் சில கோடுகளையும் கொண்டு நூலின் உள்ளத்தைக் காட்டும் சிக்கனம் அவ்வட்டைகளின் பலம். ஆயின் அக்காலத்து ஈழத்துப் புனைகதை யதார்த்தத்தையே விரதமாகக் கொண்டிருந்தது. தோட்டக்காரனும் மீனவனும் ஆசிரியனும் அட்டைக்கு வந்தனர். பூதமும் யாளியும் வர வாய்ப்பில்லை. முற்போக்கு விமர்சனம் மாயக்கதையைக் குழந்தைப்பிள்ளை விடயமாகக் கருதியதும் உள்ளூர் மாயக்கதை ஓவியம் வளராமைக்கு ஒரு காரணம் என்பதை மறைக்கவேண்டியதில்லை.

மேனாட்டில் இதே கூலித்தொழில் எவ்வாறு நிமிர்ந்தது என்பதற்கு இரு உதாரணங்கள் போதும். ஆங்கிலேயரான ஆர்தர் றக்கம் 1906இற் பீற்றர் பான் நூலுக்கு வரைந்தபோது இலண்டன் கென்சிங்ரன் பூங்காவின் மரங்களையே ஆதாரமாகக் கொண்டார். மூன்று நிற அச்சு வர்ணங்களை மங்கச் செய்யும் என்பதை அறிந்து, மைக்கோட்டை எலும்பாக நிறுத்தி, மேலே மெல்லிய நீர்வர்ணங்களை அடுக்கடுக்காகப் பூசினார். நிறம் கெட்டாலும் கோடு நின்றது. அவர் செய்த மற்றொன்று உத்தியினும் பெரிது: மூலப் படங்களைக் காட்சிக்கு வைத்துத் தனியே விற்றார். அமெரிக்கரான பிராங் பிரசெற்றா 1960களிற் கொனன் கதைகளின் அட்டைகளுக்குத் தைலவர்ணப் படங்கள் தீட்டியபோது, பதிப்பாளர் பெறுவது அச்சிடும் உரிமையே, படம் தன்னுடையதே என்று நின்றார். மூலப்படம் கையில் இருந்தால் ஓவியன் தன் பழைய பிழையைப் பார்க்கலாம். விற்று அடுத்த ஆறு மாதம் உண்ணலாம். அவ்வாறு மாதத்திற் புதியதொன்றைக் கற்கலாம். தமிழ்ச் சித்திரகாரருள் எத்தனையோ பேரின் மூலங்கள் அச்சகத்திலிருந்து திரும்பவேயில்லை. அவர்கள் தம் நேற்றைய கையைக் காணாமலே நாளைய படத்தை வரைந்தார்கள்.

யாழ்ப்பாணத்தில் இவ்விழப்புக்கு வேறொரு பரிமாணமும் உண்டு. 1981இற் பொது நூலகம் எரிந்தது. 1990களின் தடைக்காலத்திற் பத்திரிகை கோடிட்ட கொப்பித்தாளிலும் அச்சாகியது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் இடப்பெயர்வில் நகரத்து மக்கள் கண்டி வீதி வழியே, அரியாலையையும் செம்மணியையும் கடந்து, நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தபோது பெட்டியில் எடுக்கப்பட்டது பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் நகையுமே. வரைந்து வைத்த தாள்களை எடுத்துச் செல்ல இடமேது? மரபு என்பது முன்னையோர் படங்களைப் பின்னையோர் பார்ப்பதால் வருவதாயின், அம்மரபு இங்கு வீதியோரத்தில் அறுந்தது.

இன்று நிலைமை வேறு. அரியாலையிலுள்ள ஓர் இளைஞன் கணினித் திரையில் வரைந்து, கடல் கடந்த பதிப்பாளனுக்கு மாயக்கதை அட்டை அனுப்புதல் இயலும். திரையில் வரைந்தது பிரதி அனுப்பினாலும் அவனிடமே இருக்கும். பழைய குறை ஒன்று நீங்கியது. ஆனால் கேட்கப்படுவது பெரும்பாலும் மேனாட்டு நாகமும் இரும்புக் கவசமுமே. அண்மைக்காலத்திற் சொல்லைக் கொடுத்தாற் படத்தைத் தரும் இயந்திரமும் அவற்றையே நொடியிற் செய்கிறது. பலராலும் வரையப்பட்ட ஒன்றைப் பின்னும் ஒருமுறை வரைபவனுக்கு அவ்வியந்திரமே முதற் போட்டியாளன். கற்றுக்கொள்ளும் பருவத்தில் அரிசிக்கு உதவிய சில்லறை வேலைகளே முதலிற் கைநழுவக்கூடியவை என்பது இதிலுள்ள உண்மையான இடர்.

அவ்விளைஞனின் கண்முன் உள்ளவை வேறு. நீரேரியில் வரிசையாய் நிற்கும் களங்கட்டிக் கம்புகள், வற்றிய காலத்திற் செம்மணி வெளியிற் பூக்கும் உப்பு, வடலிக்கூட்டத்தின் கருக்குமட்டைகள், செல்லடியில் வட்டிழந்து கம்பமாய் நின்ற பனைகள். சங்கர் சுமை தூக்குபவனின் தோளைப் பார்த்தது போலவும், றக்கம் பூங்கா மரத்தைப் பார்த்தது போலவும் இவற்றைப் பென்சிலோடு பார்ப்பதற்கு நாட்கள் தேவை. அந்நாட்களுக்கு யார் கூலி கொடுப்பது என்பதற்குப் பாடசாலையும் பல்கலைக்கழகமும் கோயிற் பரிபாலனமும் இதுவரை விடை கூறவில்லை. கோயில் வாகனங்களுக்கு மட்டும் திருவிழா நெருங்கும்போது பழைய வர்ணத்தின் மேலேயே புதிய இனாமல் பெயின்ற் ஏறுகிறது. அடியிலுள்ள கோடு யாருடையது என்பதை எவரும் சுரண்டிப் பார்ப்பதில்லை.