எங்களுக்குப் பின் யார்?

உடல்நலம், கல்வி, வேலை, நல்ல வாழ்க்கைத் துணை எனப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் வேண்டும் வரங்கள் பல. அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையைப் பெற்றவர்களோ வாய்விட்டுச் சொல்லாத மற்றொன்றையும் வேண்டுகிறார்கள்: "ஆண்டவரே, எங்களுக்கு ஒரு நாளாவது முன்னதாக இப்பிள்ளையை அழைத்துக்கொள்ளும்." கேட்போர் இதனை நம்பிக்கையின்மை என்பர், கல்நெஞ்சம் என்றுகூடச் சொல்லுவர். உண்மையில் இது வழி தெரியாத அன்பின் பெருமூச்சு. 'எங்களுக்குப் பின் இதற்கு யார்?' என்ற வினாவுக்கு விடை கிடைக்காதபோதே அச்செபம் பிறக்கிறது.

இவ்வினாவை இலக்கியத்தில் இருமுறை எழுப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் பேர்ல் பக். முதல் முறை நாவலில்: 1931-இல் வெளிவந்த 'தி குட் எர்த்'. இரண்டாம் முறை தம் சொந்த வாழ்வைக் கூறும் சிறு நூலில்: 1950-இல் வெளிவந்த 'தி சைல்டு ஹூ நெவர் குரூ', அதாவது 'வளராத குழந்தை'. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால் ஓர் உண்மை புலப்படும். அனுபவ நூல் அறிவுரை கூறுகிறது. நாவலோ அந்த அறிவுரையின் எல்லையையும் காட்டிவிடுகிறது.

பேர்ல் பக் சீனாவில் வளர்ந்தவர். பிரெஸ்பிட்டேரியன் சபை மறைப்பணியாளர்களின் மகள். அவருடைய மகள் கேரல் 1920-இல் அங்கே பிறந்தாள். சில ஆண்டுகளிலேயே குழந்தையின் அறிவு வளர்ச்சி நின்றுவிட்டதைத் தாய் உணர்ந்தார். 1929-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்திலுள்ள வைன்லாந்து பயிற்சிப் பள்ளியில் அவளைச் சேர்த்தார். மகளின் வாழ்நாள் பராமரிப்புக்குப் பொருள் வேண்டியிருந்தது 'தி குட் எர்த்' எழுதப்பட்டதற்கான காரணங்களுள் ஒன்று. 1938-இல் நோபல் பரிசு பெற்றவரின் புகழுக்குப் பின்னால் ஒரு தாயின் கணக்குப் புத்தகமும் இருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

நாவலின் நாயகன் வாங் லுங் ஓர் ஏழை உழவன். பஞ்ச காலத்தில் பசியால் வாடிய அவன் மூத்த மகள் பேச்சறியாப் பேதையாகவே வளர்கிறாள். ஒரு துணித்துண்டை முறுக்கிக்கொண்டு வெயிலில் அமர்ந்து சிரிப்பதே அவள் வாழ்வு. வாங் லுங் செல்வனாகிறான்; மாளிகையில் குடியேறுகிறான்; மனைவிக்குத் துரோகமும் செய்கிறான். ஆயினும் இம்மகள்பால் அவன் கொண்ட பரிவு மட்டும் இறுதிவரை குன்றவில்லை. தாயின் கண்ணீரை எழுதிய நாவல்கள் பலவுண்டு. இங்கோ அச்சுமையைத் தந்தையின் தோளில் ஏற்றியிருக்கிறார் ஆசிரியர்.

முதுமையில் அத்தந்தை ஒரு நஞ்சுப் பொட்டலத்தை வாங்கி வைக்கிறான். தான் மறைந்தபின் மழைக்கும் குளிருக்கும் அவளை வீட்டினுள் அழைத்து வர யாருமிரார் என்பது அவனுக்குத் தெரியும். பொட்டலத்தை 'பேரிக்காய்ப் பூ' எனும் பெயருடைய இளம்பெண்ணிடம் தந்து, தன் மறைவுக்குப்பின் மகளின் சோற்றில் கலந்துவிடச் சொல்கிறான். அவளோ ஒரு பூச்சியைக்கூடக் கொல்ல இயலாதவள். பேதையைத் தன்னவளாகவே ஏற்றுக் காப்பதாக வாக்களிக்கிறாள். இத்துடன் காட்சியை முடித்திருந்தால் அது நெஞ்சை நெகிழ்விக்கும் அறக்கதையாக நின்றிருக்கும். பேர்ல் பக் மேலும் ஓரடி எடுத்து வைக்கிறார். 'நீயும் ஒருநாள் இறப்பாய். உனக்குப் பின் ஒருவருமில்லை' என்கிறான் கிழவன். அவன் கருத்தை உணர்ந்த அப்பெண் பொட்டலத்தை வாங்கி வைத்துக்கொள்கிறாள்.

நாவலின் மிகக் கூர்மையான இடம் இதுவே என்போம். ஒரே ஒரு நல்லுள்ளம் போதாது. அதற்குப் பின் மற்றொன்று இல்லையெனில் நஞ்சுப் பொட்டலம் வீட்டைவிட்டு நீங்குவதில்லை. இன்னொன்றும் கருதத்தக்கது. பொறுப்பை ஏற்றவள் பஞ்சத்தில் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைப் பெண். மக்களும் மருமக்களும் நிறைந்த மாளிகையில் பராமரிப்பு அனைவரிலும் எளியவளின் தலையில் விழுகிறது. நம் இல்லங்களிலும் மணமாகாத தங்கைக்கோ, விதவையான அத்தைக்கோ, ஒருவரும் கேளாமலே இச்சுமை வந்து சேர்வதை நாம் கண்டதில்லையா?

அனுபவ நூலின் பேராற்றல் அதன் நேர்மை. மருத்துவர் பலரிடம் அலைந்தபோது ஒருவர் மட்டுமே தனியே அழைத்து, குழந்தை ஒருபோதும் சீராக மாட்டாள் என்று வெட்டவெளிச்சமாகச் சொன்னதை நன்றியுடன் நினைவுகூர்கிறார். மகளுக்கு எழுதக் கற்பித்த நாளொன்றில் அச்சிறு கையைப் பற்றியபோது அது வியர்வையில் நனைந்திருந்ததாம். தன் மனம் மகிழவே குழந்தை தன்னை வருத்திக்கொள்கிறாள் என்று உணர்ந்த தாய் புத்தகங்களை மூடிவைத்தார். சாவு வந்திருந்தால் மகள் பாதுகாப்பாய் இருப்பாளென எண்ணியதையும் அவர் மறைக்கவில்லை. நாம் முதலில் குறித்த அச்செபத்தை அச்சில் ஏற்றிய துணிவு அது.

ஆயினும் நூலின் குறைகளையும் கூற வேண்டும். தந்தை இதில் வெறும் நிழல். திட்டமிடல் என்பது தனியொரு தாய் பொருளீட்டி, நல்லதொரு நிறுவனத்தைத் தேடிக் கண்டடைவதாகவே அமைகிறது. எழுதிச் செல்வம் சேர்க்க இயலாத தாய்மார் என் செய்வர்? அண்டை வீட்டார், உறவினர், வழிபடும் சமூகம் ஆகியோருக்கு இதில் இடமே இல்லை. 'வளராத குழந்தை' என்ற தலைப்பும் முழு உண்மையன்று. அம்மகள் இசையை விரும்பிக் கேட்டாள். தனக்கு உவந்ததைத் தானே தெரிந்தெடுத்தாள் என நூலே சான்று பகர்கிறது. வளர்ச்சிக்கு நாம் வைத்திருக்கும் அளவுகோல்தான் சிறியது.

வாழ்க்கை எழுதிய முடிவுரை இரு நூல்களையும் நிறைவு செய்கிறது. பேர்ல் பக் 1973-இல் மறைந்தார்; கேரல் 1992 வரை வைன்லாந்திலேயே வாழ்ந்தார். தாயின் ஏற்பாடு அவருக்குப் பின்னும் பத்தொன்பது ஆண்டுகள் நின்றது. ஆனால் நின்றது பணம் மட்டுமன்று. தத்தெடுத்து வளர்த்த மகளான ஜானிஸ், சகோதரிக்குச் சட்டப்படியான காப்பாளரானார். நிறுவனம் கூரையைத் தந்தது. சகோதரி உறவைத் தந்தார்.

நோயின் பெயர் அந்நூலில் இல்லை. நார்வே மருத்துவர் ஃபோலிங் 1934-இல் கண்டறிந்த ஃபினைல்கீட்டோனூரியா என்னும் வளர்சிதைமாற்றக் குறைபாடே காரணம் என்பது பின்னரே தெரிந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அறியாமலே வந்து சேரும் குறை அது. இன்று பிறந்தவுடன் கண்டறிந்தால் உணவுக் கட்டுப்பாட்டால் மூளையைக் காக்கலாம். பிறவிக் குருடனைச் சுட்டி 'யார் செய்த பாவம்?' என்று சீடர் கேட்டபோது ஆண்டவர் அவ்வினாவையே புறக்கணித்தார். நம் தாய்மாரிடம் அதே கேள்வியை இன்னும் கேட்போர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

'எங்களுக்குப் பின் யார்?' என்பதற்கு நம் நாட்டிலும் ஒரு விடை எழுதப்பட்டுள்ளது. 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் மதியிறுக்கம், மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பன்முகக் குறைபாடு உடையோர்க்கு, பதினெட்டு வயதுக்குப் பின் சட்டப்படியான காப்பாளரை நியமிக்க வழி செய்கிறது. பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மாவட்ட ஆட்சியரின் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். உயில் எழுதலாம். பிள்ளை விரும்பும் உணவு, அஞ்சும் ஓசை, உட்கொள்ளும் மருந்து, அழுகையை அடக்கும் பாட்டு ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வைக்கலாம். எந்தச் சட்டமும் அறியாத செய்திகள் இவை. ஆனால் காப்பாளராக வருபவருக்கு முதலில் தேவைப்படுபவையும் இவையே.

இவ்வளவும் செய்த பின்னரும் வாங் லுங்கின் கேள்வி எஞ்சி நிற்கும்: அக்காப்பாளருக்குப் பின் யார்? தனியொரு குடும்பம் இதற்கு விடை சொல்ல இயலாது. பங்குச் சமூகமே சொல்ல முடியும். அப்பிள்ளையின் பெயரை அறிந்த பத்துக் குடும்பங்கள் ஒரு பங்கில் இருக்குமாயின், அதன் பெற்றோர் நாம் முதலில் கூறிய செபத்தை விடுத்து வேறொன்றைச் சொல்லக் கற்பர். நாவலிலும் அனுபவ நூலிலும் அக்குழந்தைக்குப் பெயரே இல்லை என்பதை இவ்விடத்தில் குறிப்பிட்டாக வேண்டும். தொடங்க வேண்டிய இடம் அதுவே: நம் பங்கிலுள்ள அப்பிள்ளையின் பெயரைக் கேட்டறிவது.